சுர்ட்சே தீவின் பசுமைக் கணக்கு

ஒரு தீவில் என்னென்ன செடிகள் வளர்கின்றன என்று பட்டியல் எழுதுவது எளிய வேலை என்று மாணவர்கள் நினைக்கலாம். நோட்டுப் புத்தகமும் பூதக்கண்ணாடியும் இருந்தால் போதுமே என்று தோன்றும். ஆயினும், பழைய தீவு எதை எடுத்துக்கொண்டாலும் அப்பட்டியலில் ஒரு குறை உண்டு. இன்று அங்கே இருப்பதை எழுதலாம். எது முதலில் வந்தது, எது வந்தும் பிழைக்காமல் மடிந்தது என்பதை எழுத இயலாது. அதை எழுத வேண்டுமானால் ஒன்றுமே இல்லாத நிலையிலிருந்து கணக்கைத் தொடங்க வேண்டும். அவ்வாறு தொடங்கிய கணக்கு ஒன்றைப் பற்றியே நான் இங்குப் பேச விரும்புகிறேன்.

ஐஸ்லாந்தின் தென்கரையிலிருந்து சுமார் 32 கிலோமீட்டர் தொலைவில், 1963ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் நாள், கடலடியிலிருந்து எரிமலை ஒன்று வெளிப்பட்டது. 1967 ஜூன் மாதத்தில் அது அடங்கியபோது, ஏறத்தாழ 2.7 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள புதிய தீவு ஒன்று நின்றது. ஸ்காண்டினேவியப் புராணங்களில் வரும் சுர்ட் என்னும் நெருப்பரக்கனின் பெயரால் அதனைச் சுர்ட்சே என்று அழைத்தனர். எரிமலை ஓயுமுன்பே, 1965ஆம் ஆண்டில், அத்தீவைப் பாதுகாக்கப்பட்ட இடமாக அரசினர் அறிவித்துவிட்டனர். ஆராய்ச்சிக்கு அனுமதி பெற்றவர் அன்றி வேறு எவரும் அங்கே கால்வைத்தல் ஆகாது.

நான் மாணவனாகப் படித்த தாவர நூலில் ஒரு பாடம் இருந்தது. வெறும் பாறையில் முதலில் லைக்கன் படரும்; அடுத்து மாஸ் வளரும்; இவை மட்கி மண்ணான பிறகே பூக்கும் செடிகள் வேர்கொள்ளும் என்பது அப்பாடம். லைக்கன் நமக்குப் புதிய பொருளன்று. செட்டிநாட்டுச் சமையலில் மணத்துக்காகச் சேர்க்கும் கல்பாசி ஒரு லைக்கனே. பூஞ்சையும் நுண்பாசியும் ஓருடலாகப் பின்னி வாழும் கூட்டு வாழ்க்கை அது. பூஞ்சை ஈரத்தைப் பிடித்துவைக்கும்; பாசி வெயிலில் உணவு சமைக்கும். மாஸ் என்பது மழைக்காலத்தில் பழஞ்சுவர்களில் பச்சைப் பட்டு விரித்தாற்போல் படர்வது.

சுர்ட்சேயில் இந்த வரிசை தலைகீழாயிற்று. 1965இல் முதலில் முளைத்தது கடற்கரையில் வளரும் கடுகுக் குடும்பத்துச் செடி ஒன்று. மாஸ் 1967இல் காணப்பட்டது. லைக்கன் 1970இல்தான் வந்தது! காரணம் காண்பது கடினமன்று. கடலில் மிதந்து வரும் விதை தனக்கு வேண்டிய கட்டுச்சோற்றைத் தன்னுள்ளேயே சுமந்து வருகிறது. கரையில் ஒதுங்கிய குப்பை அதற்கு எருவாகிறது. மாஸின் வித்தோ தூளினும் நுண்ணியது. காற்றில் எங்கும் பறக்கும். ஆனால் விழுந்த இடத்தில் ஈரம் வேண்டும். புதிய எரிமலைப் பாறையில் மழைநீர் தங்குவதில்லை. ஆகவே தொடக்க ஆண்டுகளில், வெடிப்புகளின் வழியே வெந்நீராவி கசிந்த இடங்களை ஒட்டியே மாஸ் செழித்தது. பாடநூலின் வரிசை பொய் என்று நான் சொல்லவில்லை. எல்லாப் பாறைக்கும் அது விதியாகாது என்பதே நாம் கொள்ளத்தக்கது.

அந்த முதற்செடிகள் அதே ஆண்டு எரிமலைச் சாம்பலில் புதையுண்டு மாண்டன. அச்சாவும் குறிப்பேட்டில் ஏறிற்று. தீவை நூறு மீட்டர்ச் சதுரங்களாக வகுத்து, முளைத்த செடி ஒவ்வொன்றின் பக்கத்திலும் எண்ணிட்ட முளையை நட்டு, அடுத்த கோடையில் அது உயிரோடு இருக்கிறதா என்று சென்று பார்த்தார்கள். முதல் இருபது ஆண்டுகளில் இருபது வகைச் செடிகள் தலைகாட்டின. அவற்றுள் பத்தே நிலைத்தன.

ஒருமுறை எரிமலைப் பாறையிடையே தக்காளிச் செடி ஒன்று தழைத்திருந்தது. கடலும் கொணராத, காற்றும் கொணராத தக்காளி எவ்வாறு வந்தது? தீவுக்கு வந்த ஒருவர் இயற்கை உபாதையைத் தீர்த்துக்கொண்ட இடம் அது என்று கண்டுபிடித்தார்கள். வேறொரு சமயம் சிறுவர் சிலர் உருளைக்கிழங்கை நட்டுவிட்டுப் போயிருந்தார்கள். இரண்டையும் பிடுங்கி அகற்றினார்கள். நன்றாக வளர்ந்த செடியைக் கொல்வதா என்று இரக்கப்படுவோர் இருக்கலாம். பிடுங்கியதே முறை என்பது என் கருத்து. மனிதன் கொண்டுவந்த ஒரு விதை தங்கிவிட்டால், பிறகு காணும் ஒவ்வொரு செடியைப் பற்றியும் ஐயம் பிறக்கும். அத்தனை ஆண்டு உழைப்பும் பயனற்றுப் போகும்.

1986 முதல் கடற்காகங்கள் தீவின் தென்பகுதியில் கூட்டமாகக் கூடு கட்டின. அவற்றின் எச்சம் பாறைக்கு உரமாயிற்று; உடலிலும் இரைப்பையிலும் விதைகளைச் சுமந்து வந்ததும் பறவைகளே. அதுவரை அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்த பசுமை புல்வெளியாக விரிந்தது. 2004ஆம் ஆண்டுக் கணக்கின்படி பூக்கும் செடிகளும் பெரணிகளும் சேர்ந்து 60 வகை, மாஸும் அதன் உறவினங்களும் 75, லைக்கன்கள் 71. 2008இல் யுனெஸ்கோ இத்தீவை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது.

இதற்கிடையே அலைகள் தீவை ஓயாது அரித்துவருகின்றன. தோன்றியபோதிருந்த பரப்பில் ஏறக்குறையப் பாதி கடலோடு போய்விட்டது. அண்டையிலுள்ள பழைய எரிமலைத் தீவுகளைப் போலச் சுர்ட்சேயும் முடிவில் செங்குத்தான பாறையாகச் சுருங்கும் என்று ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். மணற்கரையை நம்பி முதலில் வந்த செடிகளே அப்போது முதலில் இடமிழக்கும். கோடைதோறும் தீவுக்குச் செல்லும் குழுவினர் புதிதாக வந்தவற்றோடு மறைந்தவற்றையும் குறித்துக்கொண்டு திரும்புகிறார்கள்.