சிகரத்தில் ஒரு துண்டு மிட்டாய்

தக்கலைக்கு அருகே வேளிமலைச் சரிவில் நண்பர்களோடு ஏறியிருக்கிறீர்களா? பாதி வழியில் மூச்சு வாங்கும்போது ஒருவன் பையைத் திறந்து முந்திரிக்கொத்தை எடுப்பான். மூன்று மூன்றாக ஒட்டிக்கொண்டிருக்கும் அந்தப் பண்டம், பிரித்துக் கொடுப்பதற்கென்றே செய்தது போலிருக்கும். தின்ற பிறகு மலையின் உயரமே குறைந்துவிட்டது போலத் தோன்றும்.

இது வெறும் தோற்றம்தானா? எவரெஸ்டுக்குப் போய்ப் பார்ப்போம்.

1952 மே 27-ஆம் நாள் இரவு. சுவிஸ் குழுவைச் சேர்ந்த லாம்பெர்ட்டும் நம் டார்ஜிலிங்கில் குடியேறிய டென்சிங்கும் ஏறக்குறைய 8,400 மீட்டர் உயரத்தில் ஒரு சிறு கூடாரத்தில் இருந்தார்கள். அடுப்பு இல்லை, தூங்கும் பை இல்லை. தொண்டை வறண்டது. கையிலிருந்த மெழுகுவர்த்திச் சுடரில் கொஞ்சம் பனியை உருக்கி நாக்கை நனைத்துக் கொண்டார்கள். மறுநாள் சிகரத்துக்குச் சுமார் 250 மீட்டர் கீழே அவர்கள் திரும்ப வேண்டியதாயிற்று. உயிர்வாயுக் கருவியும் அன்று சரியாக உதவவில்லை.

சுற்றிலும் பனி இருக்கத் தண்ணீருக்கா பஞ்சம் என்று கேட்பீர்கள். கணக்குப் போடுங்கள். நம் வீட்டில் 30 டிகிரியில் உள்ள ஒரு கிராம் தண்ணீரை 100 டிகிரிக்குக் கொண்டுவர 70 கலோரி போதும். மலைமேல் பனிக்கட்டி மைனஸ் 20 டிகிரியில் இருக்கிறது. அதைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர 10 கலோரி. உருக்குவதற்கு உள்ளுறை வெப்பம் 80 கலோரி. அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டியே இருப்பதால் தண்ணீர் 70 டிகிரிக்குச் சற்று மேலேயே கொதித்துவிடும். அதற்கு இன்னொரு 70. ஆக மொத்தம் 160 கலோரி! ஒரு குவளைத் தேநீருக்கு இரண்டு குவளைக்கான எரிபொருளுக்கும் மேல் செலவாகும். அப்போதும் அது ஆறிய தேநீர்தான். பருப்பு வேக வேண்டுமென்று நினைக்கவே வேண்டாம்.

1953-இல் வந்த பிரிட்டிஷ் குழுவில் கிரிஃபித் பியூ என்ற உடலியல் அறிஞர் இருந்தார். ஏறுகிறவர் ஒவ்வொருவரும் நாள்தோறும் மூன்று லிட்டர் அளவுக்கு நீராகாரம் குடிக்க வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். இன்னொன்றையும் கவனித்திருந்தார்: உயரம் ஏற ஏறப் பசி செத்துவிடும்; கொழுப்புப் பண்டங்களைக் கண்டால் குமட்டும்; நாக்கு இனிப்பைத்தான் தேடும். ஆகவே அவரவருக்குப் பிடித்த பண்டங்களும் உணவுப் பெட்டிகளில் இடம் பெற்றன. சத்துள்ள உணவு சாப்பிடாமல் கிடந்தால் யாருக்கு லாபம்?

நாக்கின் தேர்விலும் ஒரு நியாயம் உண்டு. ஒரு கிராம் கொழுப்பு 9 கிலோகலோரி தரும். சர்க்கரை தருவதோ 4தான். சுமையைப் பார்த்தால் கொழுப்பே மேல். ஆனால் அங்கே அரிதான பொருள் உயிர்வாயு அல்லவா? ஒரு லிட்டர் உயிர்வாயுவைச் செலவிட்டுச் சர்க்கரையை எரித்தால் சுமார் 5 கிலோகலோரி. கொழுப்பை எரித்தால் சுமார் 4.7. வித்தியாசம் சிறிது. மூச்சை எண்ணி எண்ணி விடும் இடத்தில் சிறிதும் பெரிதுதான். நம் முந்திரிக்கொத்தில் சிறுபயறும் வெல்லமும் எண்ணெயும் தேங்காயும் சேர்ந்திருக்கின்றன. வேளிமலைக்கு அது மிகப் பொருத்தம். எவரெஸ்டின் உச்சிக்கு வெல்லம் மட்டும் போதுமென்பேன்.

1953 மே 28 இரவு. அதே டென்சிங், இப்போது ஹில்லாரியுடன், சுமார் 8,500 மீட்டரில். இம்முறை அடுப்பு இருந்தது. சர்க்கரை கலந்த சூடான எலுமிச்சைச் சாற்றைக் குவளை குவளையாகக் குடித்தார்கள். பிஸ்கட்டின்மேல் மத்தி மீன் வைத்துத் தின்றார்கள், பேரீச்சம்பழமும் இருந்தது. ஒரு டப்பா ஆப்ரிகாட் பழம் கல்லாக உறைந்து கிடந்தது. அதையும் அடுப்பில் காட்டி இளக்கிப் பகிர்ந்து கொண்டார்கள். எரிபொருளை எண்ணிச் செலவிடும் இடத்தில் பழத்துக்காக அடுப்பெரிப்பது வீண் என்று கணக்குப்பிள்ளை சொல்லக்கூடும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பசியில்லாதவனைச் சாப்பிட வைப்பது, எதிரே இருப்பவன் நீட்டும் கைதான்.

மறுநாள் காலை 11.30 மணிக்கு இருவரும் உச்சியில் நின்றார்கள். அங்கே ‘கெண்டல் மின்ட் கேக்’ என்ற புதினா மணமுள்ள சர்க்கரைக் கட்டியைப் பகிர்ந்து தின்றார்கள். கேக் என்று பெயரே தவிர மாவு கிடையாது, முழுக்கச் சர்க்கரைதான். டென்சிங் பனியில் சிறு குழி தோண்டி இனிப்புகளைக் காணிக்கையாக வைத்தார். மகள் நீமா கொடுத்தனுப்பிய பென்சில் துண்டையும் சேர்த்துப் புதைத்தார். மொத்தம் கால் மணி நேரம்தான்.

இறங்கும்போது தென் கணவாய்க்கு மேலே ஜார்ஜ் லோ சூடான சூப்புடன் எதிரே ஏறி வந்தார். அந்தச் சூப் 250 கிராம் என்று வைத்துக்கொண்டால், பனியை உருக்கி அதைக் காய்ச்ச எத்தனை கலோரி செலவாகியிருக்கும்? மேலே உள்ள கணக்கை வைத்து நீங்களே போட்டுப் பாருங்கள்.