மண் சரியுமுன் மனை காப்போம்

குளத்தில் வாழ்ந்த மூன்று மீன்களின் கதையை இளமையிற் கேளாதார் நம்முள் எவருமிலர். ஆபத்து வருமுன் அகன்று சென்றது ஒன்று. வந்தபோது யுக்தியாற் பிழைத்தது மற்றொன்று. வருவது வரட்டுமென்று வாளாவிருந்து மாண்டது மூன்றாவது. மலைச்சரிவில் மனை கட்டி வாழ்வோர் இரண்டாவது மீனை நம்பியிருத்தல் இயலாது. மண் பெயரத் தொடங்கிய பின் யுக்திக்கு நேரம் ஏது? முதல் மீனாக இருத்தலே அவர்க்குள்ள வழி. ஆயினும், அந்த மீனுக்குச் செல்வதற்கு வேறொரு குளம் இருந்தது என்பதையும் நாம் மறத்தலாகாது.

2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆந் திகதி காலை, பதுளை மாவட்டத்தில் கொஸ்லாந்தையை அடுத்த மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. பாடசாலைக்குச் சென்றிருந்த பிள்ளைகள் சிலர் திரும்பி வந்தபோது வீடுமில்லை, பெற்றோருமில்லை. அவ்விடம் ஆபத்தானதென்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005ஆம் ஆண்டிலும் 2011ஆம் ஆண்டிலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை இருந்தது; குடிபெயர்தல் நிகழவில்லை.

மண் சரிவதேன்? பாறையின் மேற் படிந்துள்ள மண் மழைநீரை உறிஞ்சிப் பாரமடைகின்றது. அதன் பிடிப்பும் தளர்கின்றது. அதற்கு நாமும் துணைபோகின்றோம். வீடு கட்டுவதற்காகச் சரிவைச் செங்குத்தாக வெட்டுகின்றோம். வடிகாலைக் குப்பையால் அடைக்கின்றோம். வேரோடி மண்ணைப் பற்றிநின்ற மரங்களைத் தறிக்கின்றோம். மழைக்காலத்துக்கு முன் வடிகால்களைத் துப்புரவாக்கி, கூரை நீரும் சமையலறை நீரும் சரிவினுள் இறங்காது ஒழுங்கான வழியிற் செல்லச் செய்தல் ஒவ்வொரு குடும்பமும் செய்யக்கூடிய பணியாகும்.

அடுத்தது மழையை அளத்தல். இதற்குப் பெரிய கருவி வேண்டியதில்லை. அடி தட்டையாகவும் சுவர் நேராகவும் உள்ள ஒரு பாத்திரத்தை வெட்டவெளியில் வைத்து, நாடோறும் ஒரே நேரத்தில் நீரின் ஆழத்தை அளந்து குறித்தபின் ஊற்றிவிட வேண்டும். பாடசாலை மாணவர் இதனை மகிழ்ச்சியோடு செய்வர். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர், அதாவது ஏழரைச் சென்ரிமீற்றர், மழை பெய்தால் விழிப்பாயிருத்தல் வேண்டும். 100 மில்லிமீற்றரானால் வெளியேற ஆயத்தமாதல் வேண்டும். 150 மில்லிமீற்றரானால் வெளியேறிவிட வேண்டும். மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என நிறுவனம் விடுக்கும் எச்சரிக்கைகளும் இம்மூன்று நிலைகளையே குறிக்கின்றன.

அளவு எட்டவில்லையென்று அயர்ந்திருத்தலும் தவறு. நிலத்திலோ சுவரிலோ புதிய வெடிப்புத் தோன்றுதல், மரங்களும் கம்பங்களும் சாய்தல், கதவுகள் திடீரென இறுகுதல், புதிய ஊற்றுக் கிளம்புதல், ஓடிய ஊற்று வற்றுதல் அல்லது கலங்குதல் ஆகிய இவை மலை தரும் அடையாளங்கள். இவற்றை முதலிற் காண்பவர் பெரும்பாலும் வீட்டிலுள்ள தாய்மாரும் முதியோருமே. அவர் சொல்லை அசட்டை செய்யாது கிராம உத்தியோகத்தருக்கு அறிவித்தல் கடமை.

2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகத்தைத் தாக்கியபோது, பல இடங்களில் மின்சாரமும் தொலைபேசியும் செயலிழந்தன. ஆகவே, தொலைபேசியை மட்டும் நம்பியிருத்தல் கூடாது. கோயில் மணியை எத்தனை முறை அடித்தால் வெளியேற வேண்டும், எவ்வழியாற் செல்ல வேண்டும், நடக்கவியலாத பாட்டியை யார் தூக்கிச் செல்வது என்பவற்றை ஊரார் கூடி முன்னரே முடிவு செய்து, ஒருமுறை நடந்தும் பார்த்தல் வேண்டும். வழி நீரோடையைக் கடவாதிருத்தல் நன்று; தங்குமிடம் மற்றொரு சரிவின் அடியில் அமைதல் ஆகாது. அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், மருந்து, மின்சூள் என்பன ஒரு பையில் ஆயத்தமாயிருக்கட்டும். இரவில் மழை வலுக்குமெனத் தோன்றின் பகலிலேயே புறப்படுதல் அறிவுடைமை.

இவையனைத்தும் ஊரார் செய்யத்தக்கவை. அவர்களால் மட்டும் செய்ய இயலாதது ஒன்றுண்டு. நாட்கூலியை நம்பி, தமக்கென ஒரு துண்டுக் காணியுமின்றித் தலைமுறை தலைமுறையாக லயத்தில் வாழ்வோரை நோக்கி "எழுந்து செல்லுங்கள்" என்று கூறுவது எளிது. எங்கே செல்வது என்ற அவர்களின் கேள்விக்கு விடையளிப்பதே கடினம். பாதுகாப்பான இடத்தில் உரித்துள்ள காணியும் உறுதியான வீடும் கிடைக்கும்வரை, ஒவ்வொரு மாரியிலும் அவர்கள் ஓடிச் சென்று, மழை விட்டபின் அதே சரிவுக்கு மீள்வர்.

முதல் மீன் அறிவினால் மட்டும் பிழைக்கவில்லை. அதற்கு வேறொரு குளம் இருந்தது. மலையக மக்களுக்கு அக்குளத்தைக் காட்டுதல் நாட்டின் கடன்.