ஈரல் சுருங்கும்போது வளரும் குருதிக்குழாய்கள்

"குடிக்கிற ஆம்பிளைகளுக்குத்தானே ஈரல் சுருங்கும்? எனக்கு ஏன் வந்தது?" கிராண்ட்பாஸ் தோட்டங்களில் பெண்களைச் சந்திக்கும்போது இந்தக் கேள்வி அடிக்கடி எழுகிறது. போரினால் இடம்பெயர்ந்து வந்து, தனியே குடும்பத்தைச் சுமக்கும் சகோதரிகள் சிலர் இந்த வருத்தத்தை வெளியே சொல்ல வெட்கப்படுகிறார்கள். அயலார் தவறாக நினைப்பார்கள் என்ற பயத்தில் வைத்தியரிடம் போகாமலே இருந்துவிடுகிறார்கள். இந்த நோயில் அப்படித் தாமதிப்பது உயிருக்கே ஆபத்தாகலாம்.

குடி மட்டுமா காரணம்?

சாராயமும் கசிப்பும் ஈரலைக் கெடுப்பது உண்மை. ஆனால் ஹெபடைட்டிஸ் பி, சி வைரசுகளும், சலரோகத்தோடும் உடற்பருமனோடும் சேர்ந்து வரும் கொழுப்பு ஈரலும் அதே கேட்டைச் செய்யும். களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தினர் 2007 இல் றாகமப் பகுதியில் 35 முதல் 64 வயது வரையான ஏறக்குறைய 3,000 பேரைப் பரிசோதித்தார்கள். மூன்றில் ஒருவருக்கு மதுவினால் அல்லாத கொழுப்பு ஈரல் இருந்தது. கொழுப்பு ஈரல் உள்ள பெரும்பாலோருக்கு ஈரல் சுருங்குவதில்லை. சிலருக்கு மட்டும் பல வருடங்களில் ஈரலில் தழும்பு படிந்து, அது இறுகிச் சுருங்கிவிடுகிறது.

உள்ளே நடப்பது என்ன?

குடலிலிருந்து வரும் குருதி ஒரு பெரிய நாளத்தின் வழியாக ஈரலுக்குள் போக வேண்டும். ஈரல் இறுகினால் அந்த வழி அடைபட்டு, நாளத்தில் அமுக்கம் கூடுகிறது. ஈரலின் கலங்களுக்கு ஒட்சிசன் போதாமல் போகிறது. உடனே உடல், "புதிய குழாய்களை வளர்" என்று கட்டளையிடும் வீஈஜீஎப் என்ற புரதத்தை அளவுக்கு மீறி உண்டாக்குகிறது. ஒட்சிசன் குறைவதைக் கலங்கள் எப்படி உணர்கின்றன என்று கண்டறிந்த மூன்று விஞ்ஞானிகளுக்கு 2019 இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

இந்தப் புரதம் ஏன் கட்டுக்கடங்காமல் பெருகுகிறது? நாம் காணி உறுதியைப் பெட்டிக்குள் பத்திரமாக வைத்துவிட்டு, கந்தோருக்குப் போட்டோக்கொப்பியைத்தானே கொண்டுபோகிறோம்? கலமும் அப்படித்தான் செய்கிறது. பரம்பரையலகு உள்ளேயே இருக்கும். அதன் பிரதி வெளியே போய், புரதம் தயாரிக்க உதவும். "அளவோடு செய்" என்ற குறிப்பும் அந்தப் பிரதியிலேயே உண்டு. ஸ்பெயினின் பார்சலோனா நகர ஆய்வாளர்கள் 2016 இல் வெளியிட்ட ஆய்வின்படி, நோயுற்ற ஈரலில் சீபீஈபீ1 என்ற புரதம் அந்தக் குறிப்பை வெட்டிவிட வைக்கிறது. சீபீஈபீ4 என்ற இன்னொரு புரதம் பிரதியின் வாலை நீளமாக்குகிறது. அதனால் அந்தப் பிரதியிலிருந்து புரதம் ஓயாமல் உண்டாகிறது. ஆய்வுகூட விலங்குகளில் சீபீஈபீ4 ஐக் குறைத்தபோது நோயினால் வரும் குழாய் வளர்ச்சி அடங்கியது. உடலுக்குத் தேவையான சாதாரண வளர்ச்சி கெடவில்லை. இது இன்னும் மருந்தாக எமது கைக்கு வரவில்லை. ஆனாலும் ஆராய்ச்சி எந்தத் திசையில் போகிறது என்பதை இது காட்டுகிறது.

ஆபத்து எங்கே?

அடைபட்ட குருதி வேறு வழி தேடி, உணவுக்குழாயின் அடிப்பகுதியிலும் இரைப்பையிலும் உள்ள நாளங்களை வீங்கச் செய்கிறது. அவற்றின் சுவர் மெல்லியது. வலி எதுவும் தெரியாது. ஒருநாள் அது வெடித்தால் இரத்த வாந்தி வரும், அல்லது மலம் தார் போலக் கறுப்பாகப் போகும். விடியட்டும் என்று காத்திருக்காமல் அப்போதே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

வெடிக்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஈரல் சுருங்கியவருக்கு என்டொஸ்கொப்பி என்ற குழாய்ப் பரிசோதனை செய்து வீங்கிய நாளங்களைப் பார்க்கலாம். தேவையானால் சிறிய இறப்பர் வளையம் போட்டுக் கட்டிவிடுவார்கள். புரோப்பிரனோலோல் போன்ற மலிவான குளிசைகள் நாளத்தின் அமுக்கத்தைக் குறைக்கின்றன. இவற்றை வைத்தியர் சொன்னால் மட்டுமே எடுக்க வேண்டும்; ஆஸ்துமா இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். எமது நாட்டின் அரச வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசம்.

நாம் செய்யக்கூடியவை

* சலரோகம் உள்ளவர்களும் உடற்பருமன் கூடியவர்களும் கிளினிக்கில் ஈரலைப் பற்றியும் கேளுங்கள்.

* கண் மஞ்சளானால், வயிறு அல்லது கால் வீங்கினால், காரணமின்றி மயக்கமும் தடுமாற்றமும் வந்தால் தாமதிக்க வேண்டாம்.

* ஈரல் நோய் உள்ளவர்கள் உடம்பு நோவுக்காக டைக்குளோபினாக், ஐபுபுறூபன் போன்ற குளிசைகளைப் பாமசியில் தாமாக வாங்கி விழுங்கக் கூடாது. அவை குருதிக்கசிவையும் சிறுநீரகப் பாதிப்பையும் உண்டாக்கலாம்.

* மதுவை முற்றாக விட வேண்டும். வைத்தியரைக் கேட்காமல் நாட்டு மருந்தும் வேண்டாம்.

* கிளினிக் புத்தகத்தைக் காணி உறுதியைப் போலப் பத்திரமாக வைத்திருங்கள். வீடு மாறினாலும் அதைக் கையோடு கொண்டு போங்கள்.

சகோதரிகளே, இது எவருடைய நடத்தைக்கும் கிடைத்த தண்டனை அல்ல. பக்கத்து வீட்டில் ஒருவர் இந்த வருத்தத்தை மறைத்துக்கொண்டிருந்தால், கிளினிக் நாளில் அவரோடு கூடப் போங்கள். பிள்ளைகளைப் பார்க்க ஆளில்லை என்று அவர் தயங்கினால், அன்று ஒருநாள் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.