ஆப்தல்மாலஜிக்கு அசை பிரிப்போம்

மணப்பாறையில் கண்புரை என்றதும் திருச்சி ஜோசப் ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்பவர்கள் உண்டு. 1934-இல் தொடங்கிய அந்தக் கண் மருத்துவமனையின் ஆங்கிலப் பெயரில் 'ஆப்தல்மாலஜி'யும் இருக்கிறது. நன்றாகப் படித்தவர்கள்கூட அதை 'ஆப்தமாலஜி' என்று பாதி விழுங்கிவிடுகிறார்கள். பள்ளியில் படித்த அசை பிரிப்பே இதற்குப் போதும்: ஆப் / தல் / மா / லஜி. நேர் நேர் நேர் நிரை.

கிரேக்கத்தில் ஆப்தல்மோஸ் என்றால் கண். 'ஆப்' அல்ல, 'ஆஃப்' என்று யாராவது திருத்தினால் கூச்சப்பட வேண்டாம். பழங்கிரேக்கத்தில் அந்த எழுத்து மூச்சு சேர்ந்த பகரம்தான், ஃபகரமானது பிற்காலத்தில்.

எனக்குப் பெரிய வியப்பு அந்த 'மா'. ஆப்தல்மோஸின் 'மோ' எங்கே போனது? தெர்மோகோல் என்கிறோம், ஆனால் தெர்மாமீட்டர். நியூரோ, ஆனால் நியூராலஜி. கார்டியோ, ஆனால் கார்டியாலஜி. இத்தகைய சொற்களில் ஆங்கிலத்தின் அழுத்தம் கடைசியிலிருந்து மூன்றாவது அசையில், அதாவது இரு சொற்களையும் இணைக்கும் உயிரின்மேல் விழும். விழுந்ததும் ஓகாரம் போய், 'டாக்டர்' என்பதன் முதல் உயிர் வந்துவிடும். தமிழில் அப்படிப்பட்ட சொல்லழுத்தம் இல்லை. குறிலும் நெடிலும்தான் உண்டு. ஆகவே நம் காது அதை ஆகார நெடிலாக வாங்கிக்கொண்டது. மெடிக்கல் ஷாப்பில் தெர்மாமீட்டர் கேட்கிறவர், அழுத்தம் எங்கே என்பதையும் தன்னை அறியாமலே சொல்லிவிடுகிறார்! எண்டோஸ்கோப்பி மட்டும் நம் வாயில் பிடிவாதமாக ஓகாரத்திலேயே நிற்கிறது.

கார்டியாலஜியைப் பொருளுக்காகப் பிரித்தால் கார்டியோ, லஜி. ஆங்கில அகராதியோ ஓசைக்காக முன்சொல்லின் உயிரோடு பின்சொல்லின் லகர மெய்யை ஒட்டிவிடும். பொருள் பாராமல் ஓசைக்காகச் சொல்லை வெட்டுவதற்கு நம் யாப்பில் வகையுளி என்று பெயர். நீண்ட மருத்துவச் சொல்லை இரண்டு முறை வெட்ட வேண்டியிருப்பது இதனால்தான். காஸ்ட்ரோஎன்டராலஜியில் காஸ்டர் வயிறு, என்டரான் குடல், லஜி இயல். ஓசைக்கு வெட்டினால் காஸ்ட் / ரோ / என் / டரா / லஜி. தமிழ்ச் சீருக்கு நான்கு அசைதான் உச்சம், இதில் ஐந்து. 'ரோ'வில் ஒரு நொடி நின்று 'என்'னில் தொடங்கினால் நாக்கு தடுக்காது.

திருச்சி அரசு மருத்துவக் கல்லூரி தமிழறிஞர் கி.ஆ.பெ. விசுவநாதத்தின் பெயரைத் தாங்கியது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2020-இல் வந்த 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டால், தமிழ்வழியில் படித்தவர்களும் மருத்துவ வகுப்புக்குள் வருகிறார்கள். அந்தக் கல்லூரியில் முதல் வாரத்திலேயே ஒரு மணி நேரம் ஒதுக்கி, இந்தச் சொற்களைக் கரும்பலகையில் நேர், நிரை என்று பிரித்துக் காட்டலாமே. அவர்களுக்கு அசை புதிதல்ல.