கணிப்பொறிக்கு மொழி கற்பித்த ஆசிரியை

கணிப்பொறி அறிந்த குறிகள் இரண்டே: பூச்சியமும் ஒன்றும். அப்படியிருக்க, நாம் எழுதும் ஆங்கிலச் சொற்களை அஃது எங்ஙனம் புரிந்துகொள்கிறது? இதற்கு விடை கண்டோருள் முன்னோடி அமெரிக்கரான கிரேஸ் ஹாப்பர் அம்மையார் (1906–1992).

வாசர் கல்லூரியில் கணிதம் கற்பித்துவந்த அவர், போர்க்காலமாகிய 1943-இல் கடற்படையின் சேமப்படையில் சேர்ந்தார். வயது 37, உடல் எடையோ விதித்த அளவினும் குறைவு. கடற்படை அவரைக் கப்பலுக்கு அனுப்பவில்லை. ஹார்வர்டிலிருந்த மார்க் 1 கணிப்பொறியிடம் அனுப்பிற்று.

அந்நாளில் கட்டளைகளை எண்குறிகளாகவே எழுத வேண்டும். பழைய பகுதிகளைப் பார்த்து எழுதும்போதும் பிழைகள் புகுந்தன. அவ்வேலையைப் பொறியிடமே விட எண்ணினார் அம்மையார். 1952-இல் அவர் ஆக்கிய ஏ-0, நாடாவில் சேமித்த கட்டளைத் தொகுதிகளை எண் சொல்லி அழைத்தால் தேடியெடுத்துக் கோத்துத் தந்தது. தொகுப்பியின் தொடக்கம் இதுவே. பின்னர் அவருடைய ஃப்ளோமேட்டிக் மொழியில் கட்டளைகள் ஆங்கிலச் சொற்களாயின. 1959-இல் உருப்பெறத் தொடங்கிய கோபோல் மொழிக்கு அது பெரிதும் அடிப்படையாயிற்று.

ஒருமுறை அதே கட்டளைகளைப் பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் எழுதி இயக்கிக் காட்டினார். நிர்வாகிகள் திகைத்தனர்! பொறிக்கோ எம்மொழிச் சொல்லும் வெறும் அடையாளமே. அதற்கு ஈடான கட்டளை இன்னதென்று தொகுப்பி அறிந்தால் போதும்.

கடற்படையிலிருந்து அவர் இறுதியாக ஓய்வு பெற்றது 1986-இல், 79-ஆம் வயதில்.

ஆங்கிலம் கைவராதோர்க்குக் கணிப்பொறியும் கைவராது என்று நம்முள் சிலர் அஞ்சுவதுண்டு. அவ்வச்சம் வேண்டா. தமிழ்ச் சொற்களால் எழுதப்படும் ‘எழில்’ என்னும் நிரல்மொழி இன்று உண்டு. பொறிக்குத் தாய்மொழி இல்லை. நாம் கற்பிப்பதே அதன் மொழி.