ஓய்வுக்கு முன் ஓர் இறுதிப் பயணம்

தாம்பரத்திலிருந்து கடற்கரை நோக்கிச் செல்லும் மின்சார இரயிலில் பயணம் செய்யும் நம்மில் பலர், குரோம்பேட்டை நிலையத்தை ஒட்டியுள்ள எம்.ஐ.டி. கல்வி நிலையத்தைச் சன்னல் வழியே கண்டிருப்போம். 1949ஆம் ஆண்டு சி. இராஜம் அவர்களால் நிறுவப்பெற்று, 1978 முதல் அண்ணா பல்கலைக்கழகத்தின் அங்கமாக விளங்கும் அந்நிலையத்தில், 1950களில் இரண்டு பழைய விமானங்கள் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தன. பறக்கும் பணியினின்று ஓய்வு பெற்றவை அவை. விமானத்தின் உறுப்புகளை மாணவர்களுக்கு விளக்கிக் காட்டுவதற்கு மட்டுமே அவை பயன்பட்டு வந்தன. மாலையில் ஏனைய மாணவர்கள் விடுதிக்குத் திரும்பிய பின்னரும், இராமேசுவரத்திலிருந்து வந்த ஓர் இளைஞர் மட்டும் அவற்றின் அருகே நெடுநேரம் அமர்ந்திருப்பாராம்.

அவர்தாம் அப்துல் கலாம். திருச்சி புனித வளனார் கல்லூரியில் பயின்றபின் இங்கு வந்து சேர்ந்தவர். சேர்வதற்கு வேண்டியிருந்த பணம் ஏறத்தாழ ஆயிரம் ரூபாய். அது தந்தையிடம் இல்லை. தமக்கை ஜோஹரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துத் தம்பியை அனுப்பினார். அந்தத் தம்பி பின்னாளில் தலைமையேற்று உருவாக்கிய எஸ்.எல்.வி.-3 என்னும் ஏவுகலம், ஓய்வு பெறுமுன் மேற்கொண்ட இறுதிப் பயணத்தைப் பற்றியே இங்குச் சிந்திக்கப் போகிறோம்.

ஆலயத்தில் தொடங்கிய பணி

இந்தியாவின் விண்வெளிப் பணி ஓர் ஆலயத்தில் தொடங்கியது என்பதை நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும். பூமியின் காந்த நடுக்கோடு திருவனந்தபுரத்தை அடுத்த தும்பா என்னும் மீனவர் சிற்றூரின் அருகே செல்கிறது. ஆதலால் வானவெளி ஆய்வுக்கு அதுவே ஏற்ற இடம் என்று டாக்டர் விக்ரம் சாராபாய் கண்டார். அங்கே இருந்ததோ புனித மகதலா மரியாளின் ஆலயம். ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரேரா, ஞாயிறு வழிபாட்டிற்குக் கூடியிருந்த மக்களிடமே அறிவியலின் பயனை எடுத்துரைத்து, அவர்களது இசைவைக் கேட்டுப் பெற்றார் என்று கலாம் பலமுறை நினைவுகூர்ந்துள்ளார். அந்த ஆலயமே பணியிடமாயிற்று. ஆயர் இல்லமும் பணிக்குப் பயன்பட்டது. 1963 நவம்பர் 21 அன்று தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் வானில் எழுந்தது. ஆலயக் கட்டடம் இன்று விண்வெளி அருங்காட்சியகமாகத் திகழ்கிறது.

வெற்றியும் தோல்வியும்

தும்பாவில் ஏவப்பட்டவை மேலே சென்று மீண்டும் விழும் சிறு ராக்கெட்டுகள். செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் நிறுத்த வேண்டுமாயின், அதற்கு நொடிக்கு ஏழரை கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தை ஊட்ட வேண்டும். அதற்கென உருவானதே எஸ்.எல்.வி.-3. உயரம் ஏறத்தாழ 22 மீட்டர்; எடை 17 டன்; ஒன்றன்மேல் ஒன்றாக நான்கு கட்டங்கள். இத்தனையும் சுமந்து சென்றது ஏறத்தாழ 40 கிலோ எடையுள்ள ஒரு செயற்கைக்கோளையே! ஒவ்வொரு பயணத்திற்கும் ஒரு புதிய கலம் வேண்டும். எரிந்து முடிந்த கட்டங்கள் மீண்டும் பயன்படா.

1979 ஆகஸ்டு 10 அன்று சென்னைக்கு வடக்கே உள்ள ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து முதற்கலம் கிளம்பியது. இரண்டாம் கட்டத்தின் கட்டுப்பாட்டு அமைப்பில் ஓர் அடைப்பிதழ் சரிவர மூடாமையால் அமிலம் கசிந்து போயிற்று. 317 நொடிகளில் கலம் வங்கக் கடலில் வீழ்ந்தது. அன்று விண்வெளித் துறையின் தலைவர் சதீஷ் தவான், தோல்விக்கான பொறுப்பைத் தாமே ஏற்றுச் செய்தியாளர்களைச் சந்தித்தார். 1980 ஜூலை 18 அன்று இரண்டாம் கலம் ரோகிணி செயற்கைக்கோளை வெற்றியுடன் நிலைநிறுத்தியபோது, செய்தியாளர் முன் கலாமை அனுப்பி வைத்தார். தோல்வியைத் தான் சுமந்து, வெற்றியைப் பிறருக்கு ஈந்த அந்தத் தலைமையை என்னென்பது!

1981 மே 31 அன்று மூன்றாம் கலம் சென்றது. ஆயின், செயற்கைக்கோள் எதிர்பார்த்ததினும் தாழ்ந்த பாதையில் சுற்றி, ஒன்பது நாட்களில் காற்றுமண்டலத்தில் எரிந்து போயிற்று. ஆக, மூன்று பயணங்களில் முழு வெற்றி ஒன்றே.

தீக்குச்சியைச் சோதிப்பது எப்படி?

நான்காம் பயணமே எஸ்.எல்.வி.-3க்கு இறுதிப் பயணம். அடுத்து வரவிருந்த ஏ.எஸ்.எல்.வி. இதன் உறுப்புகளைக் கொண்டே அமையவிருந்தது. இதுவும் தவறினால், வருங்காலத்தின் அடித்தளமே ஐயத்திற்குள்ளாகும். மேலும், 1982இலேயே கலாம் ஐதராபாத்திலுள்ள பாதுகாப்பு ஆய்வுக்கூடத்தின் பொறுப்பை ஏற்றுச் சென்றுவிட்டார். அவருடன் உழைத்தவர்களும் அவர் வழிவந்தவர்களுமே இறுதிக் கலத்தை ஆயத்தம் செய்ய வேண்டியிருந்தது.

இந்த ஆயத்தத்தின் அருமையை உணர ஒரு தீக்குச்சியை எண்ணிப் பாருங்கள். நல்ல குச்சிதானா என்று உரசிப் பார்த்தால், குச்சியே தீர்ந்துவிடும். எஸ்.எல்.வி.-3இன் நான்கு கட்டங்களும் திட எரிபொருளால் இயங்குபவை. உயிர்வளி தரும் உப்பையும் அலுமினியப் பொடியையும் இரப்பர் போன்ற பசையில் மாவு பிசைவதுபோல் கலந்து, நீண்ட உறைக்குள் வார்த்து, மிதமான சூட்டில் இறுக விடுவார்கள். முதற்கட்டத்தில் மட்டும் இத்தகைய எரிபொருள் ஏறத்தாழ 9 டன் உண்டு. உள்ளே மயிரிழை போன்ற வெடிப்போ காற்றுக் குமிழோ இருந்தால், தீப் பற்றும் பரப்பு மிகுந்து, அழுத்தம் ஏறி, உறையே வெடித்துவிடக் கூடும். எனவே எக்ஸ்-கதிர் கொண்டு உள்ளே நோக்குவார்கள். ஆனால் பறக்கப் போகும் மோட்டாரை முன்னதாக எரித்துப் பார்க்க ஒருவராலும் இயலாது. செய்த கைகளின் நேர்மையை நம்புவதன்றி வேறு வழியில்லை.

மற்றொன்றும் உண்டு. இந்தக் கலம் செல்ல வேண்டிய பாதை முன்னரே கணக்கிடப்பட்டு அதனுள் பதிவு செய்யப்பட்டிருந்தது. காற்றாலோ, விசைக் குறைவாலோ வழி சற்று விலகினால், அதையறிந்து புதுவழி வகுக்கும் ஆற்றல் அதற்கில்லை. கண்ணைக் கட்டிக்கொண்டு பழகிய வழியில் நடப்பவரை ஒத்தது அது. ஆதலால் செய்ய வேண்டிய திருத்தமெல்லாம் தரையில் இருக்கும்போதே செய்யப்பட வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை

1983 ஏப்ரல் 17. உயிர்ப்புப் பெருவிழா கழிந்து இரு வாரங்களான ஞாயிற்றுக்கிழமை. நான்காம் கலம் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எழுந்தது. நான்கு கட்டங்களும் முறையே எரிந்து முடிய, 41.5 கிலோ எடையுள்ள ரோகிணி செயற்கைக்கோள் சுற்றுப்பாதையை அடைந்தது. அதிலிருந்த படக்கருவி நீர்நிலை, பசுமை, வெற்றுநிலம், மேகம், பனி ஆகியவற்றைப் பிரித்தறியும் திறனுடையது. 1984 செப்டம்பர் வரை 2,500க்கும் மேற்பட்ட படங்களை அது அனுப்பியது. அத்துடன் எஸ்.எல்.வி.-3 தன் பணியை நிறைவு செய்தது.

அமெரிக்காவின் விண்ணோடங்களும் இவ்வாறே ஓய்வு பெற்றன. நான்கு வீரர்களுடன் 2011 ஜூலை 8 அன்று இறுதியாகச் சென்ற அட்லாண்டிஸ், ஜூலை 21 அன்று தரையிறங்கியது. இன்று அதனைக் கென்னடி விண்வெளி மையத்தில் மக்கள் கண்டு மகிழ்கின்றனர். திரும்பி வராத எஸ்.எல்.வி.-3க்கு அத்தகைய பேறு இல்லை. ஆனால் அதற்கு வேறொரு வாழ்வு கிடைத்தது. அதன் முதற்கட்ட மோட்டார், ஏ.எஸ்.எல்.வி.யின் இருபுறமும் துணை மோட்டாராகப் பொருத்தப்பட்டது. 1987லும் 1988லும் அக்கலம் தோல்வி கண்டபோதும் பணி நிற்கவில்லை. பின்னர் பி.எஸ்.எல்.வி.யைச் சுற்றி ஆறு துணை மோட்டார்களாக அதுவே நின்றது. அதனை நீட்டி அமைத்த வடிவந்தான், 2008 அக்டோபர் 22 அன்று சந்திரயானையும், 2013 நவம்பர் 5 அன்று மங்கள்யானையும் சுமந்து சென்ற கலங்களின் விலாப்புறத்தில் எரிந்தது. ஓய்வு பெற்றதாகக் கருதப்பட்டது, நிலவுக்கும் செவ்வாய்க்கும் தோள் கொடுத்தது!

நம் இல்லங்களிலும் ஆண்டுதோறும் யாரேனும் ஒருவர் இரயில்வேயிலிருந்தோ, பள்ளியிலிருந்தோ, விமானப்படையிலிருந்தோ ஓய்வு பெறுகிறார். ‘இன்னும் ஒரு மாதந்தானே’ என்று கைகளைத் தளர விடுவோரும் உண்டு. முதல் நாளின் கருத்தோடு இறுதி நாளிலும் கணக்கை எழுதி முடித்து, அடுத்து வருபவரிடம் ஒப்படைத்துச் செல்வோரும் உண்டு. பின்னவர் விட்டுச் சென்றது எங்கே யாருக்குப் பயன்படும் என்பதை அவரே அறியார்.

குரோம்பேட்டையில் நின்ற அந்த இரு பழைய விமானங்களும் அறிந்திருக்கவில்லை, தம் அருகே அமர்ந்திருந்தவர் யாரென்று.