குளிர்காலப் பயணத்திற்கு முன்: சுடுநீர் வெப்பமூட்டல் உள்ள வீடுகளுக்கான வழிகாட்டல்

ரொறன்ரோவின் பழைய வீடுகள் பலவற்றில், கொதிகலனில் சூடாக்கப்படும் நீர் குழாய்கள் வழியே ரேடியேற்றர்களுக்குச் சென்று அறைகளை வெப்பமாக்குகிறது. மார்கழி, தை மாதங்களில் இலங்கைக்கோ இந்தியாவுக்கோ செல்லும் குடும்பங்கள் சில, எரிவாயுச் செலவைக் குறைக்கக் கொதிகலனை நிறுத்திவிட்டுச் செல்கின்றன. குழாய்களில் நீர் இருக்கும்போது அவ்வாறு செய்வது பேரிழப்பை ஏற்படுத்தலாம்.

ஆபத்து எங்கே உள்ளது?

நீர் உறையும்போது அதன் கனவளவு ஏறத்தாழ 9 சதவீதம் கூடுகிறது. அந்த அழுத்தத்தால் செப்புக் குழாய்களும் வார்ப்பிரும்பு ரேடியேற்றர்களும் பிளக்கக்கூடும். பனிக்கட்டி உருகும்வரை வெடிப்பு வெளியே தெரியாது. உருகியபின் நீர் சுவர்களுக்குள்ளும் நிலக்கீழ் அறைக்குள்ளும் பாயும்.

சில வாரங்கள் மட்டும் செல்வோர்

1. கொதிகலனை இயங்கவிடுங்கள். வெப்பநிலையை 15 பாகை செல்சியசுக்குக் குறையாமல் வைத்திருங்கள். வெளிச்சுவரை ஒட்டிய குழாய்களுக்கும் வெப்பம் சென்றடைய, அறைக் கதவுகளையும் கழுவுதொட்டியின் கீழுள்ள அலுமாரிக் கதவுகளையும் திறந்துவையுங்கள்.

2. கொதிகலனின் அழுத்தமானியைப் பாருங்கள். இரண்டு மாடி வீட்டில், நீர் ஆறியிருக்கும்போது சதுர அங்குலத்துக்கு 12 முதல் 15 இறாத்தல் காட்டுவது வழக்கம். அழுத்தம் தொடர்ந்து குறைந்தால் கசிவு இருக்கலாம். புறப்படும் முன்னரே திருத்துங்கள்.

3. சமையலறை, குளியலறைக் குழாய்களுக்கு நீர் வரும் பிரதான வால்வை மூடலாம். அதை மூடினால் கொதிகலனுக்குத் தானாக நிரம்பும் நீரும் நிற்கக்கூடும். ஆகவே முன்கூட்டியே தொழில்நுட்பவியலாளரிடம் கேட்டறியுங்கள்.

4. நம்பிக்கையான ஒருவரிடம் திறப்பைக் கொடுத்து, வீட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். மின்தடையால் கொதிகலன் நின்றிருக்கலாம். வெளிச்சுவரிலுள்ள புகைபோக்கிக் குழாயைப் பனி மூடியிருக்கலாம். இவ்விரண்டையும் அவர் கவனிக்க வேண்டும்.

குளிர்காலம் முழுவதும் வீட்டை மூடுவோர்

வெப்பத்தை முற்றாக நிறுத்துவதாயின், ரேடியேற்றர்கள், குழாய்கள், கொதிகலன், சுடுநீர்த் தாங்கி, மலசலகூடத் தொட்டி ஆகிய அனைத்திலுமுள்ள நீரை வெளியேற்ற வேண்டும். தாழ்வான வளைவுகளில் நீர் தேங்கி நிற்கும் என்பதால், அதை அழுத்தக் காற்றால் வெளியேற்றுவது பயிற்சி பெற்றவரின் வேலை. உறையாத் திரவம் சேர்ப்பதாயின், வெப்பமூட்டல் தொகுதிகளுக்கென விற்கப்படும் புரொப்பிலீன் கிளைக்கோலையே பயன்படுத்த வேண்டும். வாகனங்களுக்கான எதிலீன் கிளைக்கோல் நச்சுத்தன்மை உடையது. அதை ஒருபோதும் ஊற்றாதீர்கள்.

ஒன்ராறியோவில் எரிவாயுக் கருவிகளில் வேலை செய்யும் நிறுவனம், தொழில்நுட்பத் தரங்கள் மற்றும் பாதுகாப்பு அதிகார சபையில் பதிவு பெற்றிருத்தல் அவசியம். பதிவு விவரத்தைக் கேட்டுப் பெறுவது உங்கள் உரிமை.

காப்புறுதியைச் சரிபாருங்கள்

வெப்பமூட்டும் காலத்தில் நான்கு நாள்களுக்கு மேல் வீட்டில் எவரும் இல்லாதிருப்பின், ஒருவர் நாளாந்தம் வந்து பார்க்க வேண்டும் அல்லது நீரை மூடிக் குழாய்களை வெறுமையாக்க வேண்டும் எனப் பல காப்புறுதிப் பத்திரங்கள் நிபந்தனை விதிக்கின்றன. நிபந்தனை மீறப்பட்டால், உறைவினால் நேர்ந்த சேதத்துக்கு இழப்பீடு மறுக்கப்படலாம். பயணச்சீட்டு வாங்கியதும் உங்கள் முகவரிடம் இதனை எழுத்தில் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

திரும்பி வந்தபின்

குழாய்களில் ஈரம் உள்ளதா எனப் பார்த்த பின்னரே பிரதான வால்வை மெதுவாகத் திறவுங்கள். நீர் வெளியேற்றப்பட்டிருந்தால், தொழில்நுட்பவியலாளர் மீண்டும் நிரப்பிக் காற்றை அகற்றும்வரை கொதிகலனை இயக்காதீர்கள். கார்பன் மொனொக்சைட்டு எச்சரிக்கைக் கருவியையும் சோதியுங்கள்.

மாநகர நீர் விநியோகம் தொடர்பான உதவிக்கு 311 என்ற எண்ணை அழையுங்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமெனக் கேட்கலாம்.